வன்தட்டில் மிஞ்சிய சாட்சி

கணினிக்குள் நீண்ட கை – வரலாற்றுத் தொடர், பகுதி 11

2016 ஜூன் 13. டெல்லியில் வசித்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரோனா வில்சனுக்கு மின்னஞ்சல்கள் அடுத்தடுத்து வந்தன. அனுப்பிய முகவரி அவருக்குப் பழக்கமானது. தெலுங்குக் கவிஞர் வரவர ராவுடையது. ஓர் ஆவணம் இருக்கிறது, திறந்து பாருங்கள் என்று கடிதம் கேட்டது. வில்சன் திறக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி கேட்டது. கடைசியில் அவர் இணைப்பைச் சொடுக்கினார். திரையில் சாதாரண ஆவணம் ஒன்று விரிந்தது. திறந்துவிட்டேன் என்று மரியாதையாகப் பதிலும் போட்டார்.

ராவின் கணக்கை வேறு யாரோ கையாண்டுகொண்டிருந்தார்கள். டிராப்பொக்ஸ் இணைப்பு போலத் தோன்றியது தாக்குபவரின் சேவையகத்துக்குப் போனது. ஆவணம் கண்ணுக்குக் காட்டப்பட்டது மட்டுமே. அது விரிந்த அதே நேரத்தில் நெட்வயர் என்ற தொலைக்கட்டுப்பாட்டு ட்ரோஜன் அந்தக் கணினியில் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு 22 மாதங்களுக்கும் சற்றுக் கூடுதலான காலம் அந்தக் கணினிக்கு இரண்டு பேர் உரிமையாளர்களாக இருந்தார்கள். வில்சனுக்கு மற்றவரைத் தெரியாது.

சென்ற பகுதியில் தர்மசாலாவில் தலாய் லாமாவின் அலுவலகத்திலிருந்து தொடங்கிய கோஸ்ட்நெட் விசாரணையைப் பார்த்தோம். 103 நாடுகள், 1,295 கணினிகள். அங்கே நடந்தது எடுத்துச் செல்வது: கடிதங்களை, திட்டங்களை, உரையாடல்களை எடுத்துச் சென்றார்கள். இந்தப் பகுதியில் வருவது அதைவிடக் கொடியது. இங்கே எடுத்ததோடு நிற்கவில்லை, வைத்துவிட்டும் போனார்கள்.

வைத்துவிட்டுப் போவது புதிதில்லை. நெட்பஸ் என்ற தொலைக்கட்டுப்பாட்டு நிரலை சுவீடன்காரர் ஒருவர் 1998இல் எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதே நாட்டில், லுண்ட் பல்கலைக்கழகச் சட்ட ஆய்வாளர் ஒருவரின் அலுவலகக் கணினியில் சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சித்திரிக்கும் 3,500 படங்கள் கண்டெடுக்கப்பட்டன. கண்டெடுத்தவர்கள் பல்கலைக்கழகத்தின் கணினி நிர்வாகிகள். படங்கள் அவருடைய கணினியில் இருந்தன, ஆகவே அவருடையவை என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். வேலை போனது. பெயர் வெளியானதும் நாட்டைவிட்டே ஓடினார். நெட்பஸ் வழியாக வேறொருவர் அந்தக் கணினியை இயக்கியிருக்கிறார் என்று ஏற்று நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 2004ஆம் ஆண்டு முடிந்துகொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகள். இத்தனைக்கும் அவர் சட்டம் படித்தவர், ஒழுங்கான நீதிமன்றங்கள் உள்ள நாட்டில் வாழ்ந்தவர். அந்த வழக்கின் செய்தி உலகம் முழுக்கப் போகவில்லை. போயிருந்தால், ‘உன்னுடைய கணினியில் இருந்தது, ஆகவே உன்னுடையது’ என்ற வாதத்தைப் பல நாட்டு நீதிமன்றங்கள் அப்போதே சந்தேகத்தோடு பார்க்கப் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நெட்வயருக்கு வருவோம். 2012 ஓகஸ்டில் ரஷ்யாவின் டொக்டர் வெப் என்ற நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லினக்ஸிலும் மாக்கிலும் ஒருசேர இயங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் பின்கதவு ஒன்று முதன்முறையாக அகப்பட்டிருக்கிறது. அதற்கு வயர்நெட் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றது. பயர்பொக்ஸ், குரோம், ஒபேரா போன்ற உலாவிகளில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அது எடுத்தது. தட்டச்சுப் பலகையில் விழும் ஒவ்வோர் எழுத்தையும் பதிந்தது. பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் ‘வைஃபைஅடப்ட்’ என்ற பெயரில் அது உட்கார்ந்துகொள்ளும். யாராவது கோப்புறையைத் திறந்து பார்த்தாலும், வைஃபைக்கு வேண்டிய ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெயரைத் தெரிவு செய்தவருக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதுதான் நெட்வயர் குடும்பம். வேர்ல்ட் வயர்ட் லாப்ஸ் என்ற பெயரில் ஓர் இணையத்தளம் அதை வெளிப்படையாகவே விற்றது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தூரத்திலிருந்து பராமரிக்க உதவும் கருவி என்பது அவர்களுடைய விளம்பரம். வாங்குபவருக்கு ஒரு கட்டுமானக் கருவி கிடைக்கும். அதில் தன் சேவையகத்தின் முகவரியைக் கொடுத்து, எந்த இயங்குதளத்துக்கு வேண்டும் என்று தெரிவு செய்தால், அனுப்புவதற்குத் தயாரான கோப்பு வெளியே வரும். விண்டோஸுக்கு ஒன்று, மாக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று. மூன்றும் ஒரே திரையில் வந்து சேரும். இலக்கு எந்தக் கணினி வைத்திருக்கிறார் என்ற கவலை தாக்குபவருக்கு இல்லாமல் போனது.

இந்த இடத்தில் நம்மூர்ப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கணினி படித்த இளைஞர்களிடம் ‘நான் உபுண்டு பாவிக்கிறன், எனக்கு வைரஸ் வராது’ என்ற நம்பிக்கையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்த மாக்புக் வைத்திருப்பவர்களிடமும் அதே நிம்மதி உண்டு. அந்த நிம்மதிக்கு 2012 ஓகஸ்டோடு காலம் முடிந்துவிட்டது. அந்த இயங்குதளங்களில் அனுமதி முறை இறுக்கமானது என்பது உண்மைதான். ஆனால் இந்த வகை ட்ரோஜனுக்கு நிர்வாகியின் உரிமை தேவையே இல்லை. உங்கள் ஆவணங்களை நீங்கள் திறக்க முடியுமென்றால், உங்கள் பெயரில் ஓடும் நிரலும் திறக்கும். அதற்கு அவ்வளவு போதும்.

இனி இந்தக் கதையின் நடுவில் இருக்கும் மனிதர். ஸ்டான் சுவாமி 1937 ஏப்ரலில் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்த தமிழர். இயேசு சபைத் துறவி. வாழ்நாளின் பல பத்தாண்டுகளை ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களோடு கழித்தார். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் பகைச்சா என்ற நிலையத்தை நடத்தினார். விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டார். நிலம், காடு, சிறை ஆகிய மூன்றைச் சுற்றியே அவருடைய பணி இருந்தது.

2018 ஜனவரி 1ஆம் திகதி புனேக்கு அருகே பீமா கோரேகாவ் என்ற ஊரில் தலித் மக்கள் கூடிய நினைவு நாளில் வன்முறை வெடித்தது. அதன் பின்னணியில் தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியின் சதி இருக்கிறது என்று கூறி எழுத்தாளர்கள், சட்டத்தரணிகள், பேராசிரியர்கள் உட்பட 16 பேர் காலப்போக்கில் கைது செய்யப்பட்டார்கள். வழக்கின் முதுகெலும்பு, அவர்களுடைய கணினிகளில் கிடைத்த கடிதங்கள். ரோனா வில்சனின் கணினியில் 10 கடிதங்கள். அவற்றில் ஒன்று பிரதமரைக் கொல்லும் திட்டம் பற்றிப் பேசியது.

ஸ்டான் சுவாமியின் கணினியை 2019 ஜூன் 12ஆம் திகதி புனே பொலிஸ் கைப்பற்றியது. 2020 ஒக்டோபர் 8ஆம் திகதி தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர் அவர் ஒரு காணொளியில் பேசியிருந்தார். விசாரணையின்போது தன் கணினியிலிருந்து எடுத்தவை என்று சில பகுதிகளைக் காட்டினார்கள்; அவை தன்னுடையவை அல்ல, கள்ளத்தனமாகத் தன் கணினிக்குள் புகுத்தப்பட்டவை என்று அதிகாரிகளிடம் மறுத்ததாக அதில் சொன்னார். 83 வயது முதியவர், பார்க்கின்சன் நோயில் நடுங்கும் கைகளோடு, தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாமல் சொன்ன அந்தக் கூற்றை அப்போது கேட்டவர்களில் பலர் வழக்கமான மறுப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் உள்ள குவளை வேண்டும் என்று அவர் சிறையிலிருந்து நீதிமன்றத்தைக் கேட்க வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ஆம் திகதி, பிணை மனு விசாரணைக்கு இருந்த நிலையில், மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

அவர் சொன்னதைக் கணினி சொல்ல இன்னும் ஒன்றரை ஆண்டு ஆனது.

அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் இருக்கிறது. மார்க் ஸ்பென்சர் அதன் தலைவர். குற்றம் சாட்டப்பட்டவர்களின் சட்டத்தரணிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அந்த நிறுவனம் கட்டணம் வாங்காமல் வன்தட்டுகளின் பிரதிகளை ஆராய்ந்தது. 2021 பெப்ரவரியில் வில்சனின் கணினி பற்றி முதல் அறிக்கை. அடுத்து சட்டத்தரணி சுரேந்திர காட்லிங்கின் கணினி. அங்கே 20 மாதங்களுக்கு மேல் அதே கை இருந்தது, 14 கடிதங்கள் வைக்கப்பட்டிருந்தன. 2022 டிசம்பரில் ஸ்டான் சுவாமி.

இந்த அறிக்கைகளில் என்னை நிறுத்தி வைத்தது அவர்கள் கண்டுபிடித்த விதம். வில்சனின் கணினியில் தாக்குபவர் ‘ஆர்பேக்கப்’ என்ற மறைவான கோப்புறையை உருவாக்கி, கடிதங்களை அதற்குள் போட்டிருந்தார். அந்தக் கோப்புறையை வில்சன் ஒருமுறைகூடத் திறந்ததற்கான தடம் இல்லை. கடிதங்களை யாரும் அந்தக் கணினியில் படித்ததற்கான தடமும் இல்லை. விண்டோஸ் தான் செய்யும் வேலைகளைப் பல இடங்களில் குறித்து வைக்கும் பழக்கமுள்ளது. நீங்கள் ஓர் ஆவணத்தைத் திறந்தால் பதிவேட்டில் ஓர் எழுத்து, சமீபத்திய கோப்புகள் பட்டியலில் ஓர் எழுத்து, வேர்டின் உள்பட்டியலில் ஓர் எழுத்து விழும். இந்தக் கடிதங்களுக்கு அவை எதுவும் இல்லை. இன்னொன்று: பிடிஎஃப்பாக இருந்த கடிதங்கள் வேர்டின் புதிய பதிப்பில் தயாரானவை. வில்சனின் கணினியில் இருந்ததோ வேர்ட் 2007. அந்தக் கணினியில் அந்தக் கடிதங்கள் பிறந்திருக்கவே முடியாது.

ஸ்டான் சுவாமியின் வன்தட்டு இன்னும் துல்லியமாகப் பேசியது. தாக்குபவர் முதலில் உள்ளே வந்தது 2014 ஒக்டோபர் 19. பொலிஸ் கணினியை எடுக்கும் வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். ஸ்டான் சுவாமி அடித்த கடவுச்சொற்களும் எழுதிய மின்னஞ்சல்களும் நெட்வயரின் விசைப்பதிவுகளில் அப்படியே இருந்தன. 40க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து அந்த வட்டில் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தன. பிறகு 2019 ஜூன் 11 இரவு, அதாவது கைப்பற்றலுக்கு முதல் நாள் இரவு, தாக்குபவர் அவசர அவசரமாகத் தன் தடங்களைத் துடைத்தெடுத்திருக்கிறார். மறுநாள் காலையில் என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியை அந்தத் திகதியே எழுப்புகிறது. ஆர்சனல் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. தாக்குபவர் யார் என்பது அறிக்கையில் இல்லை. இந்த அறிக்கைகளைப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை என்பதையும், அவை இதுவரை நீதிமன்ற விசாரணையில் குறுக்குக் கேள்விக்கு உட்பட்டுச் சோதிக்கப்படவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

2022 பெப்ரவரியில் சென்டினல்வன் என்ற பாதுகாப்பு நிறுவனம் தனியாக இன்னொரு வழியில் அதே இடத்துக்கு வந்தது. அவர்கள் வன்தட்டைப் பார்க்கவில்லை. அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களையும் சேவையக முகவரிகளையும் பின்தொடர்ந்தார்கள். குறைந்தது 2012 முதல் ஒரே குழு இந்தியச் செயற்பாட்டாளர்களையும் சட்டத்தரணிகளையும் பத்திரிகையாளர்களையும் குறிவைத்து வருகிறது என்றார்கள். நெட்வயர், டார்க்கொமெட், ஓர் எளிய விசைப்பதிவி, அண்ட்ரொயிட் கைப்பேசிகளுக்கென்று ஒரு நச்சுநிரல் என நான்கையும் கலந்து அந்தக் குழு அனுப்பியிருந்தது. பெரும்பாலும் யாருக்கும் கிடைக்கக்கூடியவை. நுட்பமானது என்று சொல்ல எதுவுமில்லை. பத்து ஆண்டுகள் அகப்படாமல் இருக்க அவர்களுக்குத் திறமை தேவைப்படவில்லை. இலக்கானவர்களுக்குப் பாதுகாப்பு நிபுணர் யாரும் இல்லாமல் இருந்ததே போதுமாக இருந்தது.

இங்கேதான் யாழ்ப்பாணம் வருகிறது.

வன்தட்டு அப்படியே இருந்ததால்தான் இத்தனையும் வெளிவந்தது. தாக்குபவர் துடைத்தும் எச்சம் மிஞ்சியது, ஏனென்றால் ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி அதன் பெயரைத்தான் முதலில் அழிக்கிறது. உள்ளடக்கம், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். இப்போது நம்மூரில் ஒரு கணினி மெதுவாக இயங்குகிறது, சுட்டி தானாக அசைகிறது, உங்கள் மின்னஞ்சலிலிருந்து நீங்கள் எழுதாத கடிதம் போகிறது என்று வையுங்கள். என்ன செய்வோம்? நகரத்துக்குள் ஒரு கடைக்குக் கொண்டுபோவோம். மேசையில் ஏற்கனவே நாலைந்து மடிக்கணினிகள் திறந்தபடி இருக்கும். தம்பி இயக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “அண்ணை, வைரஸ் அடிச்சிருக்கு. டேட்டாவை எடுத்து வச்சிட்டு ஃபோமற் பண்ணி விண்டோஸ் போட்டுத் தாறன். பின்னேரம் வாங்கோ.” பின்னேரம் போனால் கணினி புதிது போல ஓடும். அந்தத் தம்பி நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். ஆனால் புதிய விண்டோஸின் பல கிகாபைட் கோப்புகள் பழைய தடங்களின் மேல் எழுதப்பட்டுவிட்டன. எஸ்எஸ்டி வட்டு என்றால் நிலைமை இன்னும் மோசம். அழிக்கப்பட்ட பகுதிகளை அது தானாகவே துப்புரவாக்கிவிடும். யார் வந்தார், எப்போது வந்தார், எதை வைத்தார் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி போய்விட்டது. ‘எடுத்து வைத்த டேட்டா’ மட்டும், வைக்கப்பட்ட கோப்பு ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்துக் கணினிகளில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் கொடுத்த வாக்குமூலங்கள். வலிகாமம் வடக்கில் காணி விடுவிப்புக் கேட்டு எழுதிய கடிதங்கள், உறுதிகளின் பிரதிகள். செய்தியாளர்களின் ஒலிப்பதிவுகள். பங்குத்தந்தையர் கையிலும் ஊர்ச் சங்கங்களின் கையிலும் இருக்கும் இடப்பெயர்வுப் பட்டியல்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் இருக்கும் நாட்டில், ஒரு கணினிக்குள் இருக்கும் ஒரு கோப்பு ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராஞ்சியில் நடந்தது இங்கே நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் நிரூபிக்க நம் கையில் ஒன்றும் மிஞ்சாத விதத்தில் நாம் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

கதவும் திறந்தே கிடக்கிறது. பேஜ்மேக்கர் முதல் போட்டோஷொப் வரை ‘கிராக்’ போட்ட பிரதிகள். அவற்றை நிறுவும்போது நச்சுநிரல் எதிர்ப்பை நிறுத்தி வையுங்கள் என்ற அறிவுறுத்தல். இற்றைப்படுத்தலே காணாத பழைய ஒஃபிஸ். 2025 மே மாதத்தில் அக்ரோனிஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், சைட்வைண்டர் என்ற உளவுக் குழு இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் அரச நிறுவனங்களைக் குறிவைத்தது தெரியவந்தது. நுழைவதற்கு அவர்கள் நம்பியிருந்தது 2017இலேயே மைக்ரோசொஃப்ட் அடைத்துவிட்ட ஒஃபிஸ் ஓட்டைகளை. எட்டு ஆண்டு பழைய ஓட்டை இன்னும் வேலை செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வகை ட்ரோஜன் எவ்வளவு ஒளிந்தாலும் இரண்டு வேலைகளைச் செய்தே ஆக வேண்டும். கணினி திரும்ப இயங்கும்போது தானும் எழ வேண்டும். தன் எசமானின் சேவையகத்தோடு பேச வேண்டும். எழும் இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. விண்டோஸில் டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் கேள்வி கேளுங்கள். மாக்கில் லொகின் ஐட்டம்ஸ் பட்டியலும் லைப்ரரிக்குள் இருக்கும் லோன்ச்ஏஜென்ட்ஸ் கோப்புறையும். லினக்ஸில் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஒட்டோஸ்டார்ட், பிறகு கிரொன்டப். நெட்வயர் இந்த எல்லா இடங்களையும் பயன்படுத்தியிருக்கிறது. விண்டோஸ் பதிவேட்டில் சில வேளைகளில் தன் சொந்தப் பெயரிலேயே ஒரு சாவியை உருவாக்கி, நிறுவிய திகதியையும் அதில் குறித்து வைத்தது. விசைப்பதிவுகளை ‘லொக்ஸ்’ என்ற கோப்புறையில், ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாளின் திகதியையே பெயராக வைத்து, குழப்பிய எழுத்தில் சேர்த்தது. திறந்து பார்த்தால் படிக்க முடியாது. ஆனால் கோப்புகளின் பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே, எந்த நாளிலிருந்து உங்களை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அண்ட்ரொயிட் கைப்பேசியில் பார்க்க வேண்டியது அணுகல்தன்மை அனுமதி யார் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை. வட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை நிறுவியவர்கள் அந்தப் பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

பேசுவதைப் பிடிப்பது அலுவலகங்களுக்கு எளிது. யாரும் வேலை செய்யாத இரவு இரண்டு மணிக்கு ஒரே முகவரிக்கு, ஒரே கால இடைவெளியில், சிறு சிறு தொடர்புகள் போய்க்கொண்டிருந்தால் அது மனிதர் செய்யும் வேலை இல்லை. ரௌட்டரின் பதிவுகளை வாரம் ஒருமுறை பார்க்கும் ஒருவரை ஓர் அலுவலகம் வைத்திருந்தால், இயங்குதளம் எதுவானாலும் அது அகப்படும். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவான பலவீனம் அந்த ஒரே கம்பிதான்.

கண்டபின் என்ன? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள்: கம்பியைக் கழற்றி, வைஃபையை நிறுத்தி. அழிக்கும் கை அதோடு வெளியே நின்றுவிடும். கணினியை உடனே அணைத்துவிட வேண்டாம். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ட்ரோஜன் அணைத்ததும் மறைந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் வரும் வரை காத்திருக்க முடியாவிட்டால், ஹைபர்னேட் வசதி இருந்தால் அதைப் பாவியுங்கள். நினைவகத்தில் இருப்பது வட்டுக்கு இறங்கும். கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லையும் தாக்குபவரே முதலில் படிப்பார். மின்னஞ்சலுக்கு ஈரடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் முகவரியிலிருந்து யாருக்கெல்லாம் கடிதம் போயிருக்கிறது என்று பார்த்து அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ராவின் முகவரியிலிருந்து வில்சனுக்குப் போனது போல, ஒருவர் கணக்கு அடுத்தவருக்கான தூண்டிலாகிறது.

பிறகு கடைக்குப் போங்கள். ஆனால் ஃபோமற் பண்ணச் சொல்லாதீர்கள். வட்டைக் கழற்றச் சொல்லுங்கள். புதிய வட்டு ஒன்றைப் போட்டு அதில் விண்டோஸ் நிறுவச் சொல்லுங்கள். கழற்றிய பழைய வட்டை ஓர் உறையில் இட்டு, திகதி, நேரம், யார் முன்னிலையில் கழற்றியது என்று எழுதி, கையொப்பம் வைத்து ஒட்டி, நம்பிக்கையான இடத்தில் வையுங்கள். வசதியிருந்தால் எழுதத் தடைபோடும் கருவி வைத்து முழுப் பிரதி எடுத்து, அதன் ஹாஷ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வாக்குமூலமும் காணி உறுதியும் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக்குப் புதிய வட்டின் விலை பெரிதில்லை.

சட்டத்திலும் பிடிமானம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம். அதே சட்டத்தின் கீழ் விசாரணை நடக்கும்போது கைப்பற்றிய பொருள்கள், தரவுகள் எல்லாவற்றின் முழுப் பட்டியலையும் திகதி நேரத்தோடு உரியவருக்குக் கொடுக்க வேண்டும்; அவர் பிரதி கேட்டு விண்ணப்பிக்கவும் இடமுண்டு. சட்டத்தரணிகள் இந்தப் பட்டியலையும் பிரதியையும் முதல் நாளிலேயே கேட்டுப் பழக வேண்டும். ஸ்டான் சுவாமியின் வழக்கில் பிரதி கைக்கு வராமல் இருந்திருந்தால் ஆர்சனலுக்கு ஆராய எதுவும் இருந்திருக்காது. தொழில்நுட்ப உதவிக்கு 2006 முதல் இயங்கும் இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புக் குழு இருக்கிறது. அரச நிறுவனத்தை அணுகத் தயங்குபவர்கள், தங்களுக்கு நம்பிக்கையான பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் முன்னிலையில் உறையை ஒட்டினாலும் அதற்கு மதிப்பு உண்டு.

நெட்வயரின் வியாபாரம் 2023 மார்ச்சில் முடிந்தது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ 2020 முதலே அதைப் பின்தொடர்ந்தது. வாடிக்கையாளர் போலக் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டி, கட்டுமானக் கருவியால் ஒரு ட்ரோஜனை உருவாக்கியே பார்த்தது. மார்ச் 7ஆம் திகதி குரோவேஷியாவில் அந்நாட்டவர் ஒருவர் கைதானார். இணையத்தளம் பறிமுதலானது, சுவிற்சர்லாந்தில் சேவையகம் கைப்பற்றப்பட்டது. பத்தாண்டுக்கு மேலாக எத்தனையோ பேரின் தனிமையைக் கூறுபோட்டு விற்ற கடை மூடப்பட்டது. ஏற்கனவே விற்ற பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை.

ரோனா வில்சனுக்கு 2025 ஜனவரி 8ஆம் திகதி பம்பாய் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. கைதாகி ஆறரை ஆண்டுகள் கடந்திருந்தன. அன்றைய நிலையில் அந்த வழக்கில் குற்றச்சாட்டுகளே இன்னும் வரையப்பட்டிருக்கவில்லை.

அடுத்த பகுதியில்: பெய்ரூட்டில் ஓர் அரச கட்டடம் வரை தடம் சென்ற டார்க் கராக்கால் என்ற உளவுக் குழு, அதனிடம் இருந்த கிராஸ்ராட் என்ற ஜாவா நிரல்.